மழை வரைபடம் பிசகும்போது: வானிலைத் தரவுப் பிழைகளை அறிகுறி கொண்டு கண்டறிந்து நீக்கும் வழிமுறை

வானிலைத் தரவுகளோடு வேலை செய்பவருக்கு வரும் இடர்களுள், கணினி சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும் வகை எளியது; எந்த வரியில் தவறு என்பதை அதுவே சொல்லிவிடும். தொல்லை தருவது மற்றொரு வகை. நிரல் இறுதிவரை ஓடும், வரைபடம் அழகாகவே வரும், எண்களும் பார்வைக்கு மழையளவு போலவே இருக்கும். ஆனால் மழை பெய்த நாள் ஒன்று தள்ளிப்போயிருக்கும், அல்லது வடகிழக்குக் காற்று தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும். இந்த வழிமுறை பெரும்பாலும் அந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கும் பழக்கம்: வானிலைத் தரவுக்குப் பரவலாகப் பயன்படும் நெட்சிடிஎஃப் வடிவக் கோப்பானால் என்சிடம்ப் கருவியில் தலைப்பகுதியை மட்டும் அச்சிட்டுப் பார்க்கலாம், பைதானில் எக்ஸ்அரே என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு திறந்து மாறியின் (வெப்பநிலை, மழை போன்ற அளவின்) பண்புகளைப் பார்க்கலாம், நிரல் எழுதாதவர் பனோப்ளி என்ற மென்பொருளில் திறந்து பார்க்கலாம். அலகு, காலத்தின் தொடக்கப்புள்ளி, விடுபட்ட மதிப்புக்கான குறியீடு, அச்சுகளின் வரிசை ஆகிய நான்கையும் அங்கே தேட வேண்டும். இரண்டாவது, ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த ஓர் இடத்தையும் ஒரு நாளையும் உரைகல்லாக வைத்துக்கொள்வது. நான் பயன்படுத்துவது 2015ஆம் ஆண்டின் சென்னைப் பெருமழை: டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. எந்தத் தரவு கைக்கு வந்தாலும், எந்த நிரலை எழுதி முடித்தாலும், அந்த மழைக்குரிய டிசம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாட்களை முதலில் எடுத்துப் பார்ப்பேன். கீழே வரும் அறிகுறிகளில் பாதியை இந்த ஒரு சோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: கோப்பு திறக்கவே மறுக்கிறது

பெயரின் இறுதியில் உள்ள நீட்டிப்பை நம்ப வேண்டாம். கோப்பின் முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். பழைய வகை நெட்சிடிஎஃப் ‘சிடிஎஃப்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். நான்காம் பதிப்பில் முதல் பைட்டை அடுத்து ‘எச்டிஎஃப்’ என்றிருக்கும். வானிலைத் தரவுக்கான மற்றொரு வடிவமான கிரிப் கோப்பில் ஒவ்வொரு செய்தியும் (தரவுத் துண்டும்) ‘கிரிப்’ என்ற பெயரோடு தொடங்கி 7777 என்ற எண்ணோடு முடியும். இறுதியில் 7777 இல்லையென்றால் பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. ‘பிகே’ என்று தொடங்கினால் அது ஜிப் கோப்பு. காலநிலைத் தரவுகளை வழங்கும் ஐரோப்பியக் கோப்பர்னிகஸ் தரவகம் 2024இல் புதிய அமைப்புக்கு மாறிய பிறகு, வெப்பநிலை போன்ற கணநேர மாறியையும் மழை போன்ற திரள் மாறியையும் ஒரே கோரிக்கையில் நெட்சிடிஎஃப் வடிவில் கேட்டால், இரண்டையும் தனித்தனிக் கோப்புகளாக்கி ஒரு ஜிப்புக்குள் வைத்துத் தருகிறது. பழைய நிரலோ அதை நெட்சிடிஎஃப் என்றே பெயரிட்டுச் சேமித்துவிட்டுத் திறக்க முயன்று தோற்கிறது. அதே மாற்றத்தில் கால அச்சின் பெயரும் மாறிவிட்டதால், ஜிப்பைப் பிரித்த பிறகும் பழைய நிரல் காலத்தைக் காணவில்லை என்று முறையிடலாம். முதல் எழுத்து சிறுகோணக் குறியாக இருந்தால், நீங்கள் சேமித்திருப்பது தரவு அன்று, உள்நுழையச் சொல்லும் வலைப்பக்கம்.

அறிகுறி: இந்தியா சாய்ந்த கோடுகளாகத் தெரிகிறது

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அன்றாட மழைக் கட்டத்தரவை (நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு தரும் தரவை) இருமக் கோப்பாக எடுத்தவர்கள் அனைவரும் ஒருமுறையேனும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். இருமக் கோப்பில் தலைப்பகுதி என்று எதுவும் கிடையாது. வெறும் எண்களின் வரிசைதான். தீர்க்கரேகையில் 66.5 முதல் 100 பாகை வரை 135 புள்ளிகள், அட்சரேகையில் 6.5 முதல் 38.5 பாகை வரை 129 புள்ளிகள், இடைவெளி கால் பாகை. ஒவ்வொரு நாளும் தெற்கிலிருந்து வடக்காக, ஒவ்வொரு வரிசையும் மேற்கிலிருந்து கிழக்காக எழுதப்பட்டிருக்கும். 129ஐயும் 135ஐயும் இடம் மாற்றிப் படித்தால் வரிசைக்கு ஆறு புள்ளிகள் வீதம் நழுவி, நாடே சாய்ந்த கோடுகளாகிவிடும். வடிவம் சரியாக இருந்து நாடு தலைகீழாக, கன்னியாகுமரி மேலே இருக்குமாறு வந்தால், வரையும் கருவி முதல் வரிசையை வடக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. எண்கள் எல்லாம் பொருளற்ற மிகச்சிறிய பின்னங்களாகவோ மிகப்பெரிய எண்களாகவோ வந்தால் பைட் வரிசை தலைகீழாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

கோப்பின் அளவே இங்கு நல்ல சாட்சி. 135, 129, நான்கு பைட், 365 நாள் ஆகியவற்றைப் பெருக்கினால் 2,54,25,900 பைட். நெட்டாண்டானால் 2,54,95,560 பைட். இதில் ஒரு பைட் குறைந்தாலும் அந்தக் கோப்பை நம்பக் கூடாது.

அறிகுறி: எண்கள் நடப்புக்கு ஒவ்வாதவை

சென்னையின் வெப்பநிலை 303 என்று வந்தால் அது கெல்வின், 273.15ஐக் கழித்தால் போதும். அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்கும் ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவான ஈரா5இல் பெருமழை நாளிலும் மழை 0.02 என்று வந்தால் அது மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர். காலநிலையைக் கணினியில் கணக்கிடும் காலநிலை மாதிரிகளின் வெளியீட்டில் மழை 0.00005 என்ற அளவில் இருந்தால், அது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடியில் விழும் கிலோகிராம்; ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோகிராம் நீர் என்பது ஒரு மில்லிமீட்டர் உயரமே ஆதலால், 86,400ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கான மில்லிமீட்டர் கிடைத்துவிடும்; மேற்சொன்ன எண் 4.32 மி.மீ. ஆகும்.

இவற்றைவிட நுட்பமானது அமுக்கப்பட்ட தரவு. இடத்தை மிச்சப்படுத்த, பின்ன எண்களை முழு எண்களாக்கி, பெருக்கு எண்ணையும் கூட்டு எண்ணையும் தலைப்பகுதியில் எழுதிவைப்பார்கள். கோப்பில் 12,000 என்றிருந்து, பெருக்கு எண் 0.002, கூட்டு எண் 280 என்றால், உண்மை மதிப்பு 304 கெல்வின். எக்ஸ்அரே இதைத் தானே செய்துவிடும். கோப்பை நேரடியாக எச்டிஎஃப் கருவியால் திறப்பவர்கள் தாமே செய்ய வேண்டும். அதைவிட மோசமானது இரண்டு முறை செய்வது: கருவி ஏற்கெனவே பெருக்கித் தந்ததை அறியாமல் மறுபடியும் பெருக்கினால், எல்லாப் புள்ளிகளும் 280ஐ ஒட்டி ஏறத்தாழ ஒரே எண்ணாகிவிடும். நாடு முழுவதும் ஒரே நிறமாக வரும் வெப்பநிலை வரைபடத்தைக் கண்டால் முதலில் இதைத்தான் ஐயுற வேண்டும்.

விடுபட்ட மதிப்புகள் தனி இனம். மேற்சொன்ன மழைத்தரவில் அவை −999 என்று குறிக்கப்படும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் எதிர்ம மழை வரும், உடனே தெரிந்துவிடும். ஆனால் அதே துறையின் ஒரு பாகை வெப்பநிலைக் கட்டத்தரவில் குறியீடு 99.9. இது நேர்ம எண். ஓரளவு வெப்பநிலை போலவே தோற்றமளிப்பதும்கூட. மாநிலச் சராசரியில் கடற்கரையோரக் கட்டங்கள் இரண்டு மூன்று சேர்ந்துகொண்டால், 29 பாகையாக இருக்க வேண்டியது 37 என்று வந்து, யாரோ ஒருவர் அதை வெப்ப அலை என்று எழுதிவிடுவார். நீக்கும்போதும் ஒரு கண்ணி உண்டு: கோப்பில் இருப்பது நான்கு பைட் துல்லியத்தில் 99.9, எட்டு பைட் 99.9உடன் சமமா என்று ஒப்பிட்டால் ‘இல்லை’ என்ற விடை வரலாம், ஒரு புள்ளியும் நீங்காது. சமம் பார்க்காமல், 99க்கு மேற்பட்டவை அனைத்தையும் வெறுமையாக்குவதே பாதுகாப்பானது.

அறிகுறி: மழை ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ பெய்கிறது

இந்த ஓர் அறிகுறிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் இதனால் வரும் தவறு வரைபடத்தில் தெரியாது. வெள்ளத்தையும் மழையையும் ஒப்பிடும்போதும், இரண்டு தரவுகளுக்கிடையே ஒட்டுறவு காணும்போதும்தான், ‘இந்தத் தரவு சரியில்லை’ என்ற தவறான முடிவாக வெளிப்படும்.

இந்தியாவில் மழைநாள் என்பது நள்ளிரவில் தொடங்குவது அன்று. காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்த நீர், அளந்த அன்றைய தேதியில் எழுதப்படுகிறது. அதாவது முந்தைய நாள் காலை 8.30 முதல் பெய்த மழை. ஆகவே தாம்பரத்தின் 49 செ.மீ. பெரும்பகுதி டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் கொட்டியதாயினும், பதிவேட்டில் டிசம்பர் 2 என்றே நிற்கும். ஈரா5 தரவோ உலகப் பொது நேரத்தில் மணிவாரியாக வருகிறது; அதை அப்படியே தேதிவாரியாகக் கூட்டினால் இந்திய நேரம் காலை 4.30 முதல் மறுநாள் காலை 4.30 வரையிலான மழை, தொடங்கிய நாளின் பெயரில் வரும். இரண்டையும் தேதி கொண்டு இணைத்தால், ஒன்றின் உச்சம் டிசம்பர் 1, மற்றதன் உச்சம் டிசம்பர் 2. மறுபகுப்பாய்வு ‘மழையை முன்கூட்டியே காட்டுகிறது’ என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதும் நிலைக்கு ஒருவர் வந்ததை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன்; காட்டியது தரவு அன்று, கூட்டிய முறை.

நீக்கும் வழி இது. ஈரா5இல் ஒவ்வொரு மணிக்குரிய மழையும் அந்த மணிநேரத்தின் முடிவில் முத்திரையிடப்படுகிறது. 01 மணி என்ற முத்திரை 00 முதல் 01 வரை பெய்ததைக் குறிக்கும். இந்தியக் காலை 8.30 என்பது உலகப் பொது நேரம் 03 மணி. எனவே டிசம்பர் 2க்குரிய இந்திய மழைநாள் என்பது, டிசம்பர் 1 அன்று 04 மணி முத்திரை தொடங்கி டிசம்பர் 2 அன்று 03 மணி முத்திரை முடிய உள்ள 24 மதிப்புகளின் கூட்டுத்தொகை. கால அச்சில் 20 மணி நேரத்தைக் கூட்டிவிட்டுப் பின் தேதிவாரியாகக் கூட்டினால், இந்த 24 மதிப்புகளும் சரியாக டிசம்பர் 2 என்ற பெயரின்கீழ் வந்து அமரும். தரவின் முதல் நாளும் கடைசி நாளும் குறைப்பட்ட நாட்களாக இருக்கும். அவற்றை விலக்கிவிட வேண்டும்.

ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையான இந்திய நாளை ஏறத்தாழத் தரும், மணி முத்திரைகள் அரை மணியில் வெட்டுப்படாததால் துல்லியமாகவும் வராது. வெப்பநிலைக்கு அதுவே உகந்தது, மழைக்கு அன்று.

காலநிலை மாதிரிகளில் நாட்காட்டியே வேறாக இருக்கக்கூடும். பிரிட்டனின் மாதிரிகள் சில ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள் என்று 360 நாள் ஆண்டைக் கொண்டவை. அங்கே பிப்ரவரி 30 என்ற தேதி உண்டு, டிசம்பர் 31 கிடையாது. வேறு சில நெட்டாண்டையே அறியாதவை. தேதியை வழக்கமான நாட்காட்டிக்கு மாற்ற முனையும் நிரல் பிப்ரவரி 30இல் இடறி விழுந்தால் அது நல்வாய்ப்பு; விழாமல் நாட்களை எண்ணிக்கொண்டே போனால் ஆண்டுக்கு ஐந்து நாள் வீதம் பருவம் நழுவி, 30 ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை ஐந்து மாதம் இடம்பெயர்ந்துவிடும். மாதிரியின் நாட்காட்டியிலேயே மாதச் சராசரிகளை எடுத்துக்கொண்டு, மாத அளவில் மட்டும் ஒப்பிடுவது நல்லது.

அறிகுறி: மழை பன்னிரண்டு மடங்காக வருகிறது

நாள் மழையை மணிவாரித் தரவிலிருந்து கூட்டும்போது விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக, ஏறத்தாழ 12 மடங்காக வந்தால், உங்களிடம் இருப்பது ஈரா5 அன்று, ஈரா5-லேண்ட். பெயர் ஒன்றுபோல் இருப்பினும் மழையை எழுதும் மரபு வேறு. லேண்ட் தரவில் ஒவ்வொரு முத்திரையும் உலகப் பொது நேரம் 00 மணியிலிருந்து அதுவரை திரண்ட மொத்தம். சீராக மழை பெய்த நாளில் 24 முத்திரைகளையும் கூட்டினால் உண்மையைவிட 12.5 மடங்கு வரும். மழை காலையிலேயே பெய்துவிட்டால் இன்னும் மிகும். ஒரு நாளின் மொத்தம் வேண்டுமானால் மறுநாள் 00 மணி முத்திரையை மட்டும் எடுத்தால் போதும். இந்திய மழைநாளுக்கோ அடுத்தடுத்த முத்திரைகளைக் கழித்து மணி மழையைப் பெற்று, மேலே சொன்ன வழியில் மீண்டும் கூட்ட வேண்டும். 01 மணி முத்திரையில் மட்டும் கழிக்கக் கூடாது, அது புதிய நாளின் முதல் மதிப்பு.

முன்கணிப்புக் கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் முன்கணிப்பில் மழை, கணிப்பு தொடங்கிய நேரத்திலிருந்து திரண்டுகொண்டே போகும். அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரியிலோ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். வரைபடத்தில் இது ரம்பப் பல் போல ஏறி இறங்கும். கழித்தபின் −0.001 போன்ற சிறிய எதிர்ம மதிப்புகள் வருவது அமுக்கத்தின் விளைவு, சுழியமாக்கிவிடலாம். −3 என்று வந்தால் சுழியமாக்காதீர்கள், கழிக்கக் கூடாததைக் கழித்திருக்கிறீர்கள்.

அறிகுறி: ஒவ்வொரு மாதமும் 10, 11, 12 ஆகிய தேதிகளில் மட்டும் மழை பெய்கிறது

இது எக்செல்லின் கைவண்ணம். நிலையத்திலிருந்து வந்த பட்டியலில் 5/11/2021 என்பது நவம்பர் 5. கணினி அமெரிக்க வழக்கில் அமைக்கப்பட்டிருந்தால் அது மே 11 ஆகிவிடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் 12 நாட்கள் இவ்வாறு ஆண்டு முழுவதும் சிதறி, 10, 11, 12 ஆகிய தேதிகளில் போய் ஒதுங்கும். 13ஆம் தேதி முதலானவை பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும். அவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியும், மாறியவை வலப்பக்கம் ஒட்டியும் இருப்பதே முதல் தடயம். மாறிப்போன கோப்பைச் சீர்செய்ய முயல்வதைவிட, மூலக் கோப்பைத் தேதி வரிசை இன்னதென்று சொல்லி மறுபடி இறக்குமதி செய்வது மேல். இயன்றவரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிப் பழகுங்கள்.

அதே பட்டியலில் மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும் வேறுபடுத்தப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வெற்றுக் கட்டத்தைச் சுழியம் என்று நிரப்பினால், அளப்பவர் விடுப்பில் இருந்த வாரம் வறட்சியாகிவிடும். விடுமுறைக்குப் பின் மூன்று நாள் நீரையும் ஒன்றாக அளந்து எழுதுவதும் நடப்பதே. அப்போது அது அதிகனமழையாகிவிடும்.

அறிகுறி: பகுதியை வெட்டினால் வெறுமை, உலகப் படம் இரண்டு துண்டு

தமிழ்நாட்டை வெட்டுவதற்காக அட்சரேகை 8 முதல் 14 வரை என்று கேட்டால், எக்ஸ்அரே பிழை எதுவும் சொல்லாமல் சுழியப் புள்ளிகள் கொண்ட பகுதியைத் தரும். ஈரா5இல் அட்சரேகை 90இல் தொடங்கி −90 நோக்கி இறங்குகிறது; 14 முதல் 8 வரை என்று கேட்க வேண்டும், அல்லது முதலிலேயே ஏறுவரிசையில் அடுக்கிவிட வேண்டும். தீர்க்கரேகை சில தரவுகளில் 0 முதல் 360, சிலவற்றில் −180 முதல் 180. தமிழ்நாடும் இலங்கையும் 80 பாகை கிழக்கை ஒட்டி இருப்பதால் இரண்டு முறையிலும் ஒரே எண். நம் ஊருக்காக எழுதிய நிரல் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, என்றோ ஒருநாள் பசிபிக் பெருங்கடலின் எல் நினோப் பகுதிக்குப் போகும்போதுதான் அகப்படும். நினோ 3.4 என்னும் பகுதி மேற்கு 170 முதல் மேற்கு 120 வரை. 360 முறையில் அது 190 முதல் 240.

அறிகுறி: கடலின் மேல் சுழியம், கடற்கரை ஊரில் வெறுமை

நிலத்துக்கு மட்டும் உள்ள தரவை மாதவாரியாகக் கூட்டியபின் வங்கக் கடலெங்கும் 0 மி.மீ. என்று வந்தால், வெறுமைகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டும் வழக்கமே காரணம்: எல்லாமே வெறுமையானால் கூட்டுத்தொகை சுழியம் என்று கணினி முடிவு செய்கிறது. ஒரு மதிப்பேனும் இருந்தால்தான் கூட்டு என்ற நிபந்தனை எக்ஸ்அரேயில் உண்டு. அதைப் போட வேண்டும். போடாவிட்டால் அந்தச் சுழியங்கள் அடுத்த படியில் மாவட்டச் சராசரிக்குள் நுழைந்து, கடலோர மாவட்டங்களின் மழையை மட்டும் குறைத்துக் காட்டும்.

இதற்கு நேரெதிர், பாம்பன் போன்ற ஊருக்கு மிக அருகிலுள்ள புள்ளியைக் கேட்டு வெறுமையைப் பெறுவது. அருகிலுள்ள புள்ளி கடலாக இருக்கக்கூடும். நிலப்புள்ளிகளுள் மிக அருகிலுள்ளது எது என்று தேட வேண்டும்.

அறிகுறி: பெருமழை தரவில் இல்லை, மலையூர் வெம்மையாக இருக்கிறது

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அதே நாளுக்கான எந்தக் கட்டத்தரவை எடுத்தாலும் அந்த எண்ணைக் காண எதிர்பார்க்க வேண்டாம். மழைமானியின் வாய் ஒரு சாண் அகலம். கால் பாகைக் கட்டமோ ஏறத்தாழ 27 கி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் சராசரி. இதைப் பிழை என்று எண்ணித் தரவைத் திருத்த முனைவதுதான் பிழை. ஊரளவில் வெள்ளத்தைக் கணக்கிடுபவர் மழைமானியையும் ரேடாரையும் நாட வேண்டும். மாநில அளவில் பருவத்தை ஆராய்பவருக்குக் கட்டத்தரவே ஏற்றது. மறுபக்கத்தில், மாதிரிகள் சிறுதூறலை ஓயாமல் பெய்விக்கும் இயல்புடையவை. மழைநாட்களை எண்ணும்போது சுழியத்துக்கு மேல் என்று எண்ணாமல், 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்ற இந்திய வரையறையைப் பயன்படுத்தினால் எண்ணிக்கை ஓரளவு நடப்புக்கு வரும்.

தரவை ஒரு கட்ட அளவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதும் பெருமழை கரையும். வெப்பநிலைக்கு நேர்கோட்டு இடைக்கணிப்பு போதும். மழைக்கு மொத்த நீரளவு மாறாமல் காக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிடிஓ கருவியில் இரண்டும் உண்டு.

உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை உள்ளடக்கிய கட்டத்தின் சராசரி உயரம் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 6.5 பாகை என்ற வழக்கமான கணக்கில் தரவு உண்மையைவிட ஏறத்தாழ 6.8 பாகை வெம்மையாகக் காட்டும். கட்டத்தின் உயரத்தை ஊகிக்க வேண்டியதில்லை: ஈரா5இல் தரைப்பரப்பின் புவியீர்ப்பு நிலையாற்றல் (ஜியோபொட்டென்ஷியல்) என்ற மாறியை இறக்கி 9.80665ஆல் வகுத்தால் மீட்டரில் கிடைக்கும்.

அறிகுறி: காற்று எதிர்த்திசையில் வீசுகிறது

நவம்பர் மாதக் காற்றை வரைந்து அது தென்மேற்கிலிருந்து வருவதாகக் கண்டால், பருவமழை மாறிவிடவில்லை. கோப்பில் உள்ள இரண்டு கூறுகள் காற்று போகும் திசையைச் சொல்கின்றன. வானிலையிலோ, வாடைக்காற்று வடக்கிலிருந்து வருவதால் அப்பெயர் பெற்றதுபோல, வரும் திசையையே பெயராகச் சொல்கிறோம். கிழக்குக் கூறு −5, வடக்குக் கூறு −5 என்றால் காற்று தென்மேற்கு நோக்கிப் போகிறது. ஆகவே அது வடகிழக்குக் காற்று, 45 பாகை. கணிதக் கோணத்தை (கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளக்கும் கோணத்தை) 270இலிருந்து கழித்து 360க்குள் அடக்கினால் இது கிடைக்கும். திசைகளை நேரடியாகச் சராசரி எடுக்கவும் கூடாது: 350 பாகைக்கும் 10 பாகைக்கும் சராசரி 180 என்று வந்து, வடகாற்று தென்காற்றாகிவிடும். கூறுகளைச் சராசரி எடுத்தபின் திசையைக் காணுங்கள். வட்டார மாதிரிகளில் கட்டமே சுழற்றப்பட்டிருந்தால், கூறுகளும் அந்தக் கட்டத்தின் அச்சுகளையே சாரும்; வரையுமுன் அவற்றைத் திருப்ப வேண்டும்.

அறிகுறி: ஒரே தரவு, இரண்டு வரைபடங்கள், இரண்டு கதைகள்

வண்ண எல்லையைக் கணினியின் விருப்பத்துக்கு விட்டால், ஒவ்வொரு படத்திலும் அதிலுள்ள பெரிய எண் அடர்நிறத்தைப் பெறும், 20 மி.மீ. பெய்த நாளும் 400 மி.மீ. பெய்த நாளும் ஒன்றுபோலவே தோன்றும். மழைக்கு நிலையான எல்லைகளை வைத்துக்கொள்வது நல்லது, 64.5, 115.6, 204.5 மி.மீ. என்ற கனமழை, மிகக் கனமழை, அதிகனமழை வரம்புகள் செய்தி கேட்கும் எவருக்கும் பழகியவை. இயல்பிலிருந்து விலக்கத்தைக் காட்டும்போது சுழியம் வெண்மையாகவும் இருபுறமும் சமமாகவும் இருக்க வேண்டும். வானவில் வண்ணத்தை நான் விட்டுப் பல காலமாயிற்று: மஞ்சள் பட்டை, தரவில் இல்லாத எல்லைக்கோட்டைக் கண்ணுக்குக் காட்டும், நிறக்குருடு உள்ளவர்க்கோ பாதிப் படம் மறைந்தேவிடும்.

அறிகுறி: விலக்க விழுக்காடு அறிவிப்போடு ஒத்துவரவில்லை

முதலில், இயல்பைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படைக் காலத்தைப் பாருங்கள். நாடு தழுவிய தென்மேற்குப் பருவமழையின் நீண்டகாலச் சராசரி 1961–2010 காலத்துக்கு 88 செ.மீ.; 2022 முதல் பயன்பாட்டிலுள்ள 1971–2020 காலத்துக்கு 87 செ.மீ. வெப்பநிலைக்கு உலக அளவில் 1991–2020 வழக்கம். பழைய அறிக்கையின் விழுக்காட்டையும் புதியதையும் ஒரே வரைபடத்தில் ஒட்ட வேண்டாம். அடுத்து, மாவட்ட விழுக்காடுகளைச் சராசரி எடுத்தால் மாநில விழுக்காடு வராது. பரப்பளவால் நிறையிட்ட மழையையும் பரப்பளவால் நிறையிட்ட இயல்பையும் தனித்தனியே கண்டபின்தான் வகுக்க வேண்டும். இயல்பே சில மில்லிமீட்டராக உள்ள பிப்ரவரியில் ஒரே ஒரு நாள் மழை 300 விழுக்காடு மிகை என்று வரும். கணக்கு சரி, செய்தியில் போடத்தான் தகுதியில்லை.

இதே வறண்ட மாதங்கள்தாம், வறட்சியை அளக்கப் பயன்படும் தரப்படுத்தப்பட்ட மழைக் குறியீட்டைக் கணக்கிடும்போது எதிர்ம முடிவிலியை விடையாகத் தருவதும். அதில் பயன்படும் காமா பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கு சுழியத்தை ஏற்காது. சுழிய மழை ஆண்டுகளின் பங்கைத் தனியே எண்ணி நிகழ்தகவில் சேர்க்க வேண்டும். அல்லது ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாத மழையை எடுக்க வேண்டும். 30 ஆண்டுக்குக் குறைந்த தரவில் இந்தக் குறியீட்டைக் காணாமலிருப்பதே நல்லது.

அறிகுறி: கணினி உறைந்துவிடுகிறது

ஈரா5இன் உலகக் கட்டம் 721க்கு 1,440, அதாவது 10,38,240 புள்ளிகள். எக்செல் தாளின் வரிசைகள் 10,48,576; ஒரே ஒரு மணிநேரத்தின் வெப்பநிலை மட்டும் ஒரு தாளில் மயிரிழையில் அடங்கும். ஓராண்டின் 8,760 மணிக்கு, புள்ளிக்கு நான்கு பைட் வீதம், 36 ஜிகாபைட்டுக்கு மேல். நினைவகத்தில் முழுவதையும் ஏற்ற முயலாமல், தரவகத்திலேயே வேண்டிய பரப்பை மட்டும் கேட்டு வாங்குவது முதல் வழி. அது இயலாதபோது டாஸ்க் என்ற பைதான் நிரல்தொகுப்பைக் கொண்டு துண்டு துண்டாகப் படிக்கலாம். ஆனால் ஒரே ஊரின் 50 ஆண்டு வரிசையை எடுக்க மணிக்கணக்கில் ஆகிறது என்றால், கோப்பு மணிக்கு ஒரு படமாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு படத்தையும் பிரித்து ஒரு புள்ளியை எடுத்துவிட்டு மீதியைக் கணினி எறிந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை பொறுத்துக்கொண்டு, கால அச்சில் நீண்டும் இட அச்சுகளில் குறுகியும் இருக்கும் துண்டுகளாக மாற்றி எழுதிவைத்துக்கொண்டால், அடுத்த முறை அதே வரிசை சில நொடிகளில் வந்துவிடும்.